கண்ணைக் கடைசியில் வைக்கும் கோந்து மாஸ்டர்

மைசூரில் புலிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. தசரா ஊர்வலத்தில் மதம் பிடித்த யானைக்குப் பயப்படாதவர்களும் உண்டு. ஆனால் கோந்து மாஸ்டருக்குப் பயப்படாத ஆள், என் மனைவி ஒருத்தியைத் தவிர, லஷ்கர் மொஹல்லாவில் இருந்ததே இல்லை. இத்தனைக்கும் மனுஷர் ஒல்லி. காற்றடித்தால் குடையோடு அவரும் போய்விடுவாரோ என்று நமக்குக் கவலையாக இருக்கும். கையில் ஆயுதம் என்று பார்த்தால் ஒரு பசைச் சட்டி, அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்த புதிது. சேலத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த நான், கல்யாணமான கையோடு பெரிய சர்ச்சுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் குடியேறினேன். வரிசையாக வீடுகள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் ஒரே குழாய். கோடி வீட்டில் கோந்து மாஸ்டர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். தபால்காரருக்கே அது மறந்துவிட்டது.

மாஸ்டர் படம் போடுகிறவர். ஆனால் வெறும் சாயத்தை நம்புகிற ஆளில்லை. டீப்பெட்டிப் பலகையில் புளியங்கொட்டைப் பசையைத் தடவி, அதன்மேல் வளையல் துண்டு, பட்டு நூல் கழிவு, சந்தனத் தூள், ஊதுவத்திச் சாம்பல், தகரம், குதிரை வால் முடி என்று ஒட்டிக்கொண்டே போவார். பிறகுதான் சாயம். தள்ளி நின்று பார்த்தால் நம் காம்பவுண்டுக்காரர் ஒருவருடைய முகம் அச்சாகத் தெரியும். கிட்டப் போனால் குப்பைத் தொட்டி.

யார் முகமோ அவர் சாமான், அதுதான் அவருடைய சட்டம். "சாயத்துல வரைஞ்சா சாயம்தான் இருக்கும் தம்பி. ஆளோட சாமானை ஒட்டினாத்தான் ஆளு இருப்பான்" என்பார்.

முதலில் பார்ப்பார். முற்றத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒரே ஆளை வாரக்கணக்கில் பார்ப்பார். பல் தேய்த்தாலும் பார்ப்பார், பெண்டாட்டியோடு சண்டை போட்டாலும் பார்ப்பார். பிறகு ஏதாவது சாமான் கேட்பார். கொடுக்காவிட்டால் நம் குப்பையிலிருந்து எடுத்துக்கொள்வார். சிலை செய்கிறவர்களைப் போல, கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். கண்ணுக்கு மட்டும் அந்த ஆள் தினமும் கை வைக்கிற பொருள் வேண்டும்.

வினையே அந்தக் கண்ணில்தான். கண் வைத்தால் ஆள் இருப்பதில்லை.

முதலில் ஜட்காக்காரர் புட்டசாமி. குதிரைக் கழுத்து மணியைக் கண்ணாகப் பதித்த சில நாளில் குதிரையை விற்றுவிட்டு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாமனாரோடு விவசாயம் பார்க்கப் போய்விட்டார். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்து எதிர்வீட்டுக் கன்னட வாத்தியார். சிவப்பு மைப் புட்டியின் தக்கையில் கண். பசை காய்வதற்குள் கொள்ளேகாலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. "ஏன் மாஸ்டரே, நானு நிமகே ஏனு மாடிதே?" என்று, தான் இவருக்கு என்ன கெடுதல் செய்தோம் எனக் கேட்டு மனுஷர் அழுத அழுகையில் குழாயடியே காலியாகிவிட்டது. மூன்றாவது, அரண்மனை பேண்டில் ஊதி ஓய்வு பெற்ற தாத்தா. அவருடைய வாத்தியத்தின் பித்தளைக் குமிழில் கண் வைத்த மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்தவர் எடுக்கவே இல்லை. தாத்தா பல வருஷமாகவே போய்க்கொண்டிருந்தவர்தான் என்பது அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் காம்பவுண்டு மைசூரிலேயே சுத்தமான காம்பவுண்டாகிவிட்டது. சீவிய முடி அடுப்பில் போயிற்று. வெட்டிய நகத்தை நான் பொட்டலம் கட்டி ஆபீசுக்கு எடுத்துப்போய்க் கொட்டினேன். மாஸ்டர் வாளியோடு வெளியே வந்தால் கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும். யாரோ கொடுத்த புகாரை விசாரிக்க வந்த போலீஸ்காரர் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டு, திரும்பும்போது சட்டைப் பொத்தானெல்லாம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு போனார்.

இந்த லட்சணத்தில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த என் மனைவி ரோஸ்லின் ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாரையும் போடறீங்களே மாஸ்டர், என்னைப் போட மாட்டீங்களா?"

எனக்குக் காபி புரையேறிவிட்டது. அவள் நிற்கவில்லை. பழைய யூனிபாரத் துணி, பேண்டேஜ் துணி, கண்ணுக்கென்று அந்த யூனிபாரத்தின் இரண்டு வெள்ளைப் பட்டன் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"சும்மா இருங்க. தினம் பொணத்தைப் பார்க்கிறவ நான். பலகைக்குப் பயப்படணுமா?"

அவளுக்கும் சேர்த்து நான் பயந்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் வீட்டுக்குப் போகமாட்டேன். முதலில் மாஸ்டர் ஜன்னல். பேண்டேஜ் துணியில் கன்னம் வந்தது. கறுப்புப் பட்டு நூலில் கூந்தல் வந்தது. பார்க்கப் பார்க்க அசல் ரோஸ்லின். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு குழி.

"கண்ணு எப்ப மாஸ்டர்?" என்பேன்.

"என்ன அவசரம் தம்பி? பசை காயட்டும்."

மழைக்காலம் வந்தது. ரோஸ்லின் ஒருநாள் காய்ச்சலோடு திரும்பினாள். டைபாய்டு. அவள் வேலை பார்த்த வார்டிலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். டாக்டர் புது மருந்து கொடுத்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் சொல்கிற வார்த்தைகளில் இதைவிட மோசமானது வேறில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. ஒரு மத்தியானம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "விசிட்டர் டைம் முடிஞ்சாச்சு, வெளிய போங்க" என்றாள். என்னை யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பட்டன் ஞாபகம்தான் வந்தது. கொட்டுகிற மழையில் செருப்பில்லாமல் காம்பவுண்டுக்கு ஓடினேன்.

மாஸ்டர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டக், டக் என்று சத்தம். கண்ணைத் தட்டிப் பதிக்கிறார்! இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கதவின் மேல் பாய்ந்தேன். தாழ்ப்பாளே போடாத கதவு. நேராகப் பசைச் சட்டியில் போய் விழுந்தேன். டக், டக் என்றது ஒழுகுகிற கூரையிலிருந்து தகர டப்பாவில் விழுந்த மழைநீர்.

மூலையில் மாஸ்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"பட்டனைக் குடுத்துருங்க மாஸ்டர், உங்க கால்ல விழறேன்!"

"இல்ல தம்பி."

"வச்சுட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் படத்தைத் திருப்பினேன். குழி இரண்டும் அப்படியே இருந்தன.

"அப்ப பட்டன் எங்க?"

மாஸ்டர் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "முழுங்கிட்டேன்."

நான் குனிந்து அவர் வயிற்றைப் பார்த்தேன்.

"ரோஸம்மாவுக்குக் காய்ச்சல்னு கேட்டேன். ஆனாலும் படத்தை முடிக்கணும்னு கை அதுபாட்டுக்குப் பட்டன்கிட்டப் போவுது தம்பி. தூக்கி எறிஞ்சா தேடி எடுத்துருவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அதான் தண்ணியைக் குடிச்சு முழுங்கிட்டேன்." என்றார். "நீங்கள்லாம் கதவைச் சாத்திக்கிறீங்க. நான் எங்க போய்ச் சாத்திக்கிறது? உங்க எல்லாரையும் விட எனக்குத்தான் பயம் ஜாஸ்தி."

இப்படி ஒன்று இருக்கும் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் கையிலும் புளியங்கொட்டைப் பசை. பிறகு பிரித்தெடுக்க ஒரு செம்பு வெந்நீர் வேண்டியிருந்தது.

அந்த வாரமே ரோஸ்லினுக்குக் காய்ச்சல் இறங்கியது. புது மருந்து என்றார் டாக்டர். பட்டன் என்றது காம்பவுண்டு. வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டவள், எழுந்து நிற்கத் தெம்பில்லாவிட்டாலும் நர்ஸ் அல்லவா, மாஸ்டருக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தை அனுப்பினாள். தினமும் காலையில் முற்றம் முழுக்கக் கேட்கும்படி, "மாஸ்டர், பட்டன் வந்துச்சா?" என்பாள். கதவுகளெல்லாம் திறந்துகொண்டு பதிலுக்குக் காத்திருக்கும். ஒருநாள் வந்தது. வெந்நீரில் போட்டு எடுத்து, தையல் டப்பாவில் வைத்து மூடினாள். "இனி இது என்கிட்டயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு மாஸ்டர் யாருக்கும் கண் வைக்கவில்லை. விஷயம் பரவியதும், மாற்றலுக்குப் பயந்த குமாஸ்தாக்களெல்லாம் கிழிந்த சட்டையும் பழைய பேனாவுமாக அவர் வாசலில் வரிசையில் நின்றார்கள், கண் இல்லாத படம் வேண்டுமென்று.

பல வருஷம் கழித்து மாஸ்டர் படுத்தார், ரோஸ்லினின் அதே வார்டில். தலைமாட்டில் ஒரு பலகை. தேய்ந்த பிரஷ் முடி, குடைத் துணி, புளியங்கொட்டை எல்லாம் சேர்ந்து அவருடைய முகம். இரண்டு குழி.

"ரோஸம்மா, அந்தப் பட்டனை எடுத்தாந்து வச்சிரும்மா. என் வயித்துல இருந்து வந்தது, அது என் சாமான்தான். கடைசிப் படத்தையாவது முடிச்சுப் பார்க்கணும்."

எதற்கும் பயப்படாத என் மனைவி பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "பசை காயட்டும் மாஸ்டர், நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். கண் வைக்காதவரை போகமாட்டார் என்று நாங்கள் இருவரும் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தோம். எங்களை ஏமாற்றிவிட்டு ஒரு காலையில் போய்விட்டார்.

ரோஸ்லின் படமும் மாஸ்டர் படமும் எங்கள் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. பட்டன் இரண்டும் தையல் டப்பாவில் இருக்கின்றன. இந்த மாஸ்டருக்கு ஏன் இன்னும் கண் வைக்கவில்லை என்று யாராவது கேட்டால், ரோஸ்லின் அந்தப் பலகையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு, "பசை இன்னும் காயல" என்கிறாள்.