பொடியன் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை

பாசமும் மரியாதையும் கொஞ்சம் பயமும் உள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. அப்பாவின் இடது முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் நலம். வெல்டிங் புகையில் உன் கண் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

முதலில் என் கண்ணில் பட்டது ராணியின் அங்கிதான். உன் வீடியோ கேமுக்கு நீ அங்கிருந்தே வாங்கிக் கொடுத்த எக்ஸ்பான்ஷனை, அந்தப் புதுப் பாகத்தைப் போட்டதும் பனிமலை ராணி முழங்கால் ஆழப் பனியில் நடந்து வந்து உன் வீரனிடம் உதவி கேட்கிறாள். அவ்வளவு நீள அங்கி, கீழ் விளிம்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. இரண்டு வருடமாகச் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்கு இது உறுத்தாதா? அது என்ன துணி என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததில் ராணி அழுது சொன்னதெல்லாம் காதில் விழாமலே போய்விட்டது. இருந்தாலும் நல்ல விளையாட்டுதான்.

போன வாரம் போனில் கேட்டாய்: "எப்படி இருக்கு? நல்லா இருந்தா பத்து நாள் லீவு போட்டு வந்து ஆடிட்டுப் போறேன். சுமார்னா லீவ அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கறேன்." நான் "ம்" என்றேன். "ம்னா என்ன அர்த்தம்? வாயில என்ன, பசையா? எழுதியாவது அனுப்பு" என்றாய். வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்தே படிப்பைப் பாதியில் விட்டவள் நான். எழுத்தில்தான் கொஞ்சம் வாய் உண்டு.

சிக்கல் பெயரில் ஆரம்பித்தது. உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, வீட்டில் உன்னைக் கூப்பிடும் பொடியன் என்பதையே வீரனுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஓநாய் கடித்ததும் 'பொடியன் காயமடைந்தான்' என்று திரையில் சிவப்பாக வர, அதை நான் வாய்விட்டுப் படித்துத் தொலைக்க, அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "எங்கடி அடி? யாரு போன் பண்ணா?" என்று கேட்க, நான் திரையைக் காட்ட, அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இவனா? ஏண்டி இப்படி எளச்சுப் போயிருக்கான்?"

"அம்மா, அது பொம்மைம்மா."

"பொம்மைன்னா குளிராதா? சட்டையப் பாரு, கையே இல்ல."

மறுநாள் நான் கடையில் இருந்த நேரத்தில் கன்ட்ரோலரை எடுத்து, எந்தப் பொத்தான் எதற்கென்று தானே கண்டுபிடித்து, நீ சேர்த்து வைத்த நெருப்பு வாள், இடி வாள், வாயில் நுழையாத பெயருள்ள அந்த நீல வாள் எல்லாவற்றையும் விளையாட்டில் வரும் ஊர்க் கடையில் விற்று ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு வீடும் வாங்கிவிட்டாள். கோபப்படாதே. அடுப்பும் கட்டிலும் உள்ள நல்ல வீடு. பொடியன் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ராணி இரண்டு வாரமாக வாசலில் நிற்கிறாள். "நாடே அழியப் போகுதாம்மா" என்றேன். "அவ நாட்ட அவ பாத்துக்கட்டும். புள்ள ரெண்டு வருஷமா அலைஞ்சது போதும், கொஞ்சம் உக்காரட்டும்."

சரி, அம்மாதான் இப்படி, அப்பாவை ஆடக் கூப்பிடலாம் என்று பார்த்தால், ராணியின் கோட்டைக்குப் போகும் தூக்குப் பாலத்தைக் கண்டதும் அவர் பொடியனை அங்கேயே நிறுத்திவிட்டார். முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷன். "சங்கிலி இருக்கு, உருளை எங்க? எதிர் எடை எங்க? எவன்யா இதுக்கு சர்டிபிகேட் குடுத்தான்?" என்று கத்தி, பொடியன் இதில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி, சோதனைக்குக் குதிரையை மட்டும் அனுப்பினார். அது பாலத்து நடுவில் பலகைக்குள் வயிறுவரை புதைந்து நின்றுவிட்டது. விளையாட்டில் ஏதோ கோளாறு. அப்பா முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பொடியனைத் திருப்பி அடுப்பு முன்னாலேயே கொண்டுவந்து விட்டார். குதிரை இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இப்போது சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து நீ உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். ஒரு நாள் அம்மா, "எப்பவும் முதுகத்தான் காட்டுவானா, திரும்பவே மாட்டானா?" என்றாள். விளையாட்டின் கேமராவைச் சுழற்றி முகத்தைக் காட்டினேன். நீ வைத்த முகம்தான், தாடியும் இரண்டு கொம்பும். கொஞ்ச நேரம் பார்த்தாள். "முதுகே இருக்கட்டும்டி. முதுகுதான் அவன மாதிரி இருக்கு."

ஆகவே என் தீர்ப்பு: மலை அருமை, பனி அருமை, ராணி கதை கண்ணீர் வரவழைக்கும். கட்டாயம் விளையாட வேண்டியது. தைரியமாக லீவு போடலாம்.

அம்மாவின் ஆசியும், அப்பாவின் "பாத்து வேலை செய்யச் சொல்லு"வும், என் அன்பும்.

உன் தங்கச்சி

பின்குறிப்பு: ஒட்டிய பிறகு உறையின் பின்பக்கம் எழுதுகிறேன், தபால்காரர் படித்தால் படிக்கட்டும். உள்ளே இருக்கும் தீர்ப்பு பொய். தனியாக இன்னொரு வீரனை வைத்துக் கடைசிவரை ஆடிப் பார்த்தேன், ரெண்டே ஞாயித்துக்கிழமையில முடிஞ்சிடுச்சு. பழைய காட்டுக்கே வெள்ளையடிச்சுட்டுப் பனிங்கறாங்க. டிராகன் ஒண்ணே ஒண்ணு, அதுவும் அரைத் தூக்கத்துல. இதுக்குப் பத்து நாள் லீவு தண்டம். உண்மைய எழுதினா நீ வரமாட்டேன்னுதான் அப்படி எழுதினேன். ஆனா நீ நம்பி வந்து, ஆடிப் பாத்துட்டு ஏமாந்து போனா எனக்குத் தாங்காது. அதனால சொல்லிடறேன் அண்ணா, எக்ஸ்பான்ஷன் நல்லா இல்ல. நீ வா. எப்போதும் அப்பாவிடம்தான் தபாலைக் கொடுத்துவிடுவேன், கொடுத்தால் இதைப் படித்துவிடுவார். தபால் பெட்டிக்குப் போக நானே செருப்பை மாட்டிக்கொண்டேன்.