தூளிக்கு அடியில் ஒரு போர்வை

போர்வையில் கட்டம் கட்டமாகத் தைத்த அறைகளில் ஒன்பதாவதற்குள் அவர் வாத்து இறகுப் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தபோது, வெயிலில் வெந்து வீட்டுக்குள் வந்த மனைவி மின்விசிறியைப் போட்டாள்.

"நிறுத்து!" என்று அவர் அலறுவதற்குள் பஞ்சுப் பை காலி. சோபா, திரைச்சீலை, ஆறவைத்திருந்த பால் என எங்கும் இறகு.

பால் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள். "மூணு மாசமா பொறுத்துட்டேன். மெஷினோட பால்கனிக்குப் போங்க. முடியற வரைக்கும் உள்ள வரக்கூடாது."

"சனிக்கிழமை முகாமுக்கு வேன் வந்துடும். இன்னைக்குப் புதன். இது போக இன்னும் ஏழு அறை பாக்கி."

"போன வருஷம் போய் ஒரு பேர் வாங்கிட்டு வந்தது போதாதா? தந்தி சம்சாரம்னு என்னைக் கூப்பிடறாங்க!"

அது உண்மைதான். காட்டில் நடந்த அலுவலக முகாமில், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய துணித் தூளியில் படுத்து, குளிரில் அவர் பல் தந்தியடித்த சத்தத்தில் முகாமே விழித்துக்கொண்டது. கட்டட வரைபடம் போடுபவர் என்பது மறந்து, அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் 'தந்தி'. இந்த முறை அந்தப் பெயரை அழித்தே தீருவது என்று மாலை நேரத் தையல் வகுப்பில் சேர்ந்தார். பதினாறு அறைகளுக்கும் அளவு பிசகாமல் படம் போட்டார். தூளியில் முதலில் விறைப்பது முதுகு என்பதால் போர்வையைத் தூளிக்கு அடியில் கட்ட வேண்டும் என்பது வரை படித்துவிட்டார். பால்கனியில் காற்றடிக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

கொக்கிகளில் தூளியைக் கட்டி, அதில் உட்கார்ந்து, தலையோடு ஒரு படுக்கை விரிப்பை மூடிக்கொண்டு, பொறுக்கிச் சேர்த்த பஞ்சை உள்ளே அடைத்தார். பஞ்சு மூக்கில் ஏறியது. விரிப்பு குலுங்கக் குலுங்கத் தும்மினார்.

"அழுதுடுங்க தம்பி!" எதிர் பால்கனியிலிருந்து ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டரின் குரல், தெருமுனை வரை கேட்கும்படி வந்தது. "மனசுல வச்சுக்காதீங்க!"

விரிப்பை விலக்கினார். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. "அழல சார். தும்மல்."

"நானும் அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்வேன் தம்பி!"

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேலாளரும் ஹெட்மாஸ்டரும் காலை நடையில் ஜோடி.

"நான் எதுவும் கேக்க மாட்டேன் தந்தி. நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டைக் கவனிங்க. முகாம் எங்க போயிடப் போவுது?"

"எனக்கு வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல சார்."

மேலாளர் எழுந்து வந்து தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தட்டிக்கொடுத்தது முகாமிலிருந்தே தன்னைக் கழற்றிவிடும் தட்டாகத் தந்திக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பால்கனிக்குப் போய், உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் கதவை இடித்தார்.

"ரெண்டு நிமிஷம் வெளிய வந்து என் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டுப் போ."

"எதுக்கு?"

"எதிர்வீட்டுக்காரர் பாக்கணும்."

"அவர் பாக்க நான் எதுக்குச் சிரிக்கணும்?"

"சிரின்னா சிரியேன்!"

"கத்தாதீங்க!"

"நானா கத்தறேன்?"

எதிர் வீட்டு ஜன்னல் நாகரிகமாகச் சாத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மாலை பதினாறாவது அறையையும் தைத்து மூடினார். போர்வையைத் தூளிக்கு அடியில் கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு காலிப் பெட்டிகளோடு மாமனார் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, என் பொண்ணைக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் மனசு ஆறுங்க."

"ஐயோ மாமா, சண்டையே இல்ல! நாளைக்கு நான் காட்டுக்குப் போறேன், அதுக்குத்தான்..."

"காட்டுக்கா?" மாமனார் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த அளவுக்கு வெறுத்துப் போச்சா?"

"தூளி கட்டிப் படுக்கறதுக்கு மாமா. இது அதுக்குப் போர்வை."

மாமனார் குனிந்து பார்த்தார். "போர்வையைக் கீழ கட்டிட்டு, நீங்க மேல படுப்பீங்க?"

"ஆமா. முதுகுக்குத்தானே குளிரும்?"

மாமனார் எழுந்து வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "நாளைக்கு நீங்க எங்கயும் போக வேண்டாம் மாப்பிள்ளை."

மூன்று மாத உழைப்பும் தூளிக்கு அடியில் உப்பிக்கொண்டு தொங்கியது. தந்தி வெடித்தார்.

"உங்களுக்கு யார் மாமா சொன்னது?"

"எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர்தான், போன்ல விசாரிச்சப்போ சொன்னார்."

"அப்பவே நினைச்சேன்!" பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "சார்! கொஞ்சம் வெளிய வாங்க!"

"விடுங்க, வயசானவரு," என்று மனைவி அவசரமாகச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வயசானா என்ன வேணா கிளப்பிவிடலாமா? சார், என் குடும்ப மானம் கப்பலேறுது! உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

ஹெட்மாஸ்டர் வெளியே வந்தார். தந்தியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்துத் தயங்கிக் கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கம்மா, இதுக்கு மேல என்னால முடியாது. தம்பி, 'யார் கேட்டாலும் புருஷன் பொண்டாட்டி சண்டைன்னே சொல்லுங்க சார், போர்வை தைக்கிறார்னு மட்டும் வெளிய விட்டுடாதீங்க, இன்னொரு பேர் தாங்காது'ன்னு உங்க வீட்டம்மாதான் கெஞ்சிக் கேட்டாங்க!"