கழுவி நட்ட வேம்பு

அறுபத்தெட்டாம் வருஷம் சித்திரையில் ஒரு சபதம் செய்தேன். அம்பத்தூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய ஷீட் கூரை வீட்டைச் சுற்றி நிழல் எழுப்பியே தீர்வது. மத்தியானம் உள்ளே படுத்தால் ஆள் அப்பளமாகப் பொரிவான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் இல்லாமல் என்னால் உயிர்வாழ முடியாது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து ஐந்து வேப்பங்கன்றுகளைப் பிடுங்கி வந்தேன். உட்கார்ந்து வேரைப் பளிச்சென்று கழுவினேன்.

"இன்னாய்யா பண்ற? தாய்மண்ணோட வெச்சாத்தான் பொழைக்கும்" என்றாள் என் மனைவி பார்வதம்.

"எங்க பேக்டரில அழுக்கோட எதையும் மாட்ட மாட்டோம். நீ சும்மா கெட."

"தண்ணி யாரு ஊத்துவா?"

"நான்தான். தெனிக்கும் இருபது குடம்."

கல்யாணமான நாளாய்க் குடத்தைத் தொடாதவன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

தெருக்கோடி பம்பிலிருந்து சுமந்தேன். தண்ணீர் தேங்கி வேர் அழுகக்கூடாதென்று பார்வதம் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டாள். அது சுவரோரம் அவள் போட்டிருந்த சுரைக்கொடிவரை போயிற்று. அவளுக்கும் என் கன்றுகள்மேல் அக்கறை வந்ததே என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

கன்றுகள் வாடவே இல்லை. ஒருநாள் இடுப்புயரம் நிற்கும், மறுநாள் முழங்காலுயரம். வெயிலுக்குச் சுருங்குகிறது என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். இரண்டே மாதத்தில் வீடும் குளிர்ந்தது. கூரை முழுக்கச் சுரைக்கொடி படர்ந்திருந்தது வேறு விஷயம். தினமும் சுரைக்காய்க் கூட்டு என்பதுதான் ஒரே குறை.

பக்கத்து வீட்டுத் துலுக்கானத்தைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவன் ஒரு கன்றைத் தொட்டான். கையோடு வந்துவிட்டது.

"இன்னா அண்ணாத்தே, வேரே காணோம்?"

"கழுவி வெச்சது" என்றேன்.

"இது எங்க ஊட்டு மரத்துக் கொம்பாச்சே. நீ பல்லு வெளக்கறதுக்குன்னு அண்ணி ஒடிச்சிகினு போவுமே."

நான் பல்பொடியில் பல் விளக்குகிறவன்; வேப்பங்குச்சியைத் தொட்டதே இல்லை. மற்ற நான்கையும் இழுத்துப் பார்த்தேன். நான்கும் வந்தன.

"எப்படி செத்துச்சி?" என்று பார்வதத்திடம் கேட்டேன்.

"வெச்ச மூணாம் நாளே வாடிப் பூடுச்சி."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ குடத்தத் தொடுவியா? நெழலுதானே கேட்ட, மேல பாரு, வந்துகீது. இன்னும் ஆறு குடம் பாக்கி, போய்க் கொணா."

கொண்டுவந்தேன்.