சோடி இருக்கா?

விசிலை யாருடைய கழுத்திலும் மாட்டிவிடலாம். எப்போது ஊதக்கூடாது என்பதை மாட்டிவிடுகிறவர்கள் சொல்லித்தருவதில்லை. என் கழுத்தில் ஒரு விசிலும் தலையில் ஒரு நீலத் தொப்பியும் ஏறியிருந்த காலத்தில் நான் எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. ஊர் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே. சண்டை கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. ஆபத்து நேரத்தில் சனத்தை எப்படி வழிநடத்துவது என்று ஊருக்கு ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு தொண்டு நிறுவனம் டவுனில் தலைமைத்துவப் பயிற்சி வைத்தது. எங்கள் ஊர் ஆண்கள் யாரும் போகவில்லை. இயக்கமோ இராணுவமோ வழியில் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம். அப்படித்தான் தலைமைத்துவம் எனக்கு வந்து சேர்ந்தது. (திறமையால் வந்தது என்றுதான் அப்போது எல்லோரிடமும் சொன்னேன்.)

படிப்பித்தவர் ஒரு வெள்ளைக்காரர். தன் நாட்டு இராணுவத்தில் பொறுக்கியெடுத்த ஆட்களை மட்டும் வைத்திருக்கும் ஒரு விசேட அணியை நடத்தி ஓய்வுபெற்றவர். கழுத்து என்று ஒன்று அவருக்கு இல்லை, தோளிலிருந்து நேரே தலை. அவர் சொல்லச் சொல்ல, மொழிபெயர்க்க வந்த ஒரு பிள்ளை தமிழில் சொன்னாள். பிந்தி எடுக்கும் முழுச் சரியான முடிவைவிட நேரத்துக்கு எடுக்கும் அரைச் சரியான முடிவு மேல் என்றார். முடிவெடுத்தால் பாதி வழியில் திரும்பாதே என்றார். தங்கள் அணியில் யாரும் தனியாக அசைவதில்லை, ஆளுக்கொரு சோடி உண்டு, புறப்படுமுன் தலைவர் “சோடி?” என்று கேட்பார், எல்லோரும் “இருக்கு” என்றால்தான் கால் எடுத்துவைப்போம் என்றார். இதற்கெல்லாம் முன்னால், உன் ஆட்களை அறிந்துகொள் என்றும் ஒரு பாடம் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. எங்கள் ஊரில் எந்தக் கோழி யார் வீட்டு வைக்கோலில் முட்டையிடும் என்பதுவரை எனக்குத் தெரியும். இந்த மனுசனா எனக்குச் சொல்லித்தருவது!

ஊருக்கு வந்த கையோடு கோயில் வெளியில் சனத்தைக் கூட்டி விசில் ஊதினேன். பலமுள்ளவரோடு பலமில்லாதவர், இதுதான் என் கணக்கு. பூரணத்தக்காவுக்கு அவருடைய மூத்த மகன். கண் தெரியாத பெரியவருக்குக் கடைக்காரர். என் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஊரிலேயே பலசாலி என் வீட்டுக்காரர். ஆகவே அம்மாவுக்குச் சோடி அவர். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டோடுதான் வந்து இருப்பார். ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே அடுப்பு. ஆனாலும் மரியாதை என்றால் மரியாதை. என் கலியாண நாளிலிருந்து அம்மா அவருக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நாயிடம்தான் சொல்லிவந்தார். “கூரையில ஓலை விலகிக் கிடக்கு, மழையும் வரப்போகுது” என்று அம்மா நாய்க்குச் சொல்வார்; இவர் ஏணியை எடுப்பார். இவருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் கதவு நிலையிடம் சொல்வார். அம்மா கேத்தலை வைப்பார். அந்த நாயும் நிலையும் இல்லாவிட்டால் எங்கள் குடும்பமே நடந்திராது.

“உனக்கென்ன விசரா புள்ள?” என்று அம்மா என் காதுக்குள் சீறினார். “மருமகனோட சோடி எண்டு ஊருக்கு முன்னால நிக்கிறதோ? மானம் போகுது கா.”

“ஷெல் விழக்குள்ள மானம் பார்க்கேலா அம்மா. முடிவெடுத்தாச்சு.”

“ஆரு எடுத்த?”

“தலைவி.”

அம்மா என் தொப்பியை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு போய் மருமகனுக்குப் பக்கத்தில், முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். “சோடி?” என்று நான் கத்தினேன். இவர் தலையைக் குனிந்தபடி, பக்கத்தில் தெரிந்த சேலைக் கரையைப் பார்த்து “இருக்கு” என்றார். நிவாரணத்தில் வந்த மண்ணிறச் சேலை அது. (ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதே மண்ணிறத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். தலைவியும் அதைத்தான் உடுத்திருந்தாள். தலைவிக்கு அது உறைக்கவில்லை.)

பிறகு ஒரு காலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும் நேரம், ஷெல் விழத் தொடங்கியது. சனம் வாவித் துறைக்கு ஓடியது. தோணிகளில் ஏறி அக்கரையில் செட்டிபாளையத்துக்குப் போவது என்று நான் முடிவெடுத்தேன். (வேறு போக்கிடம் இல்லாத இடத்தில் நான் எடுத்த அந்த முடிவை நானே வியந்தேன்.) பூரணத்தக்காவின் மகன் தண்ணீருக்குள் நின்று தோணிகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். “நீ ஏறம்மா, நான் அடுத்த தோணியில வாறன்” என்றான்.

“என்ட சோடி ஏறல்லியே கா” என்று அக்கா என்னைப் பார்த்தார்.

“நேரமில்ல அக்கா, ஏறுங்க!” என்று விசிலை ஊதினேன். அவர் ஏறி, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் இருந்து அழுதார்.

“சோடி?” என்றேன். “இருக்கு, இருக்கு” என்று குரல்கள் வந்தன. என் வீட்டுக்காரரும் குனிந்து மண்ணிறச் சேலைக் கரையைப் பார்த்துவிட்டு “இருக்கு” என்றார். தோணி நகர்ந்தது.

நடு வாவியில் பூரணத்தக்கா முந்தானையை விலக்கி மூக்கைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

“இது மாமி இல்லியே” என்றார்.

தோணிக்காரர் கம்பை ஊன்றி நிறுத்தினார். “என்ன செய்ற தலைவி? கிறுகித் திரும்பிப் போறதோ?”

பின்னால் எங்கள் ஊர்த் தென்னைகளுக்கு மேலே புகை. தோணிக்குள் பிள்ளைகள், ஒருவர் மடியில் ஒருவராக. எனக்கு என் அம்மா வேண்டும். ஆனாலும் என் வாய் “போங்க” என்றது. அது வெள்ளைக்காரருடைய பாடமா, வெறும் பயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் எழுந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அந்த இடத்தில் வாவி நெஞ்சளவு.

“எங்க போறீங்க?”

“என்ட சோடி அங்க நிக்குது.”

அப்போது நான் செய்ததைத்தான் எங்கள் குடும்பம் இன்றுவரை மன்னிக்கவில்லை. விசிலை ஊதினேன். புகைக்குள் போகிற புருசனைப் பார்த்து, விளையாட்டுப் போட்டி நடுவர் மாதிரி, மூச்சு முட்ட ஊதினேன். அவர் கிறுகிப் பார்க்கவே இல்லை. முடிவெடுத்தால் திரும்பாதே என்ற வெள்ளைக்காரருடைய பாடத்தை எங்கள் ஊரில் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்றோடு துறை மூடப்பட்டது. நாங்கள் கரையோரப் பள்ளிக்கூடமொன்றில் அகதிகளாக இருந்தோம். துறை மூடுமுன் அடுத்த தோணி வந்தது, பூரணத்தக்காவின் மகன் அதில் இல்லை. பிறகு வேறு வழியாக வந்தவர்களும் அவனைக் காணவில்லை என்றார்கள். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். தொப்பியைக் கழற்றி வீசினேன், விசிலைப் பையின் அடியில் ஒளித்தேன். சனம் என்னைத் தலைவி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டது, நானும் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரும் அம்மாவும் செத்துவிட்டார்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். காட்டோரம் கரடியனாற்றுப் பக்கம் கண்டதாக இன்னொருவர் சொன்னார். நான் இரண்டையும் நம்பினேன். காலையில் ஒன்றை, பின்னேரம் மற்றதை.

மாரி முடிந்து சேறு காயும் காலத்தில் ஒரு லொறி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இரண்டு எலும்புக்கூடுகள் இறங்கின. ஒன்று மற்றதைப் பார்த்து, “மருமகன், அந்தப் பையை மறந்திராதங்க” என்றது.

“எடுத்திட்டன் மாமி” என்றது மற்றது.

நான் அழுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன்.

“எங்க போன நீ அண்டைக்கு, அம்மா?”

“கண்டுக்குட்டியக் கட்டின கயித்தோட விட்டிட்டு வந்திட்டன் புள்ள. அவிட்டு விடப் போனன். சொல்லிப்போட்டுத்தானே போனன்!”

“ஆரிட்டச் சொன்ன?”

“தோணியிட்ட.”

மிச்சத்தை இவர் சொன்னார். ஊர் முழுக்க “மாமி! மாமி!” என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் மருமகனுக்கு எப்படி வாய்திறந்து பதில் சொல்வது? மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று, “நாங்க இஞ்சதான் நிக்கிறம், என்ன?” என்று கன்றுக்குட்டியிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. இவர் பாய்ந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடினார்.

“கையைப் புடிச்சிட்டார் புள்ள” என்று அம்மா வெட்கத்தோடு சொன்னார். “அதுக்கு மறுகா கதைக்காம இருந்து என்னத்துக்கு?”

அதன்பிறகு அவர்கள் வாய் ஓயவில்லை. அத்தனை வருடப் பாக்கியையும் கதைத்துத் தீர்த்தார்கள், பெரும்பாலும் என்னைப் பற்றி. குடும்பமாக எங்கே புறப்பட்டாலும், வான் வண்டி கிளம்புமுன் இவர் முன் சீற்றிலிருந்து “சோடி?” என்று கேட்பார். பின்னாலிருந்து அம்மா “இருக்கு!” என்பார். உடனே பிள்ளைகள் விசில் ஊதுவதுபோல என்னைப் பார்த்து வாயைக் குவிப்பார்கள். தலைவியின் புகழ் அவ்வளவுதான். அந்தப் பகிடியைப் பூரணத்தக்காவுக்கு முன்னால் மட்டும் யாரும் சொல்லமாட்டோம். அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம்.

சண்டையெல்லாம் ஓய்ந்து, திரும்பவும் ஊரில் வீடு கட்டி, அந்த வீட்டில்தான் அம்மா போய்ச்சேர்ந்தார். பறை அடங்கி, தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். “வெயில் ஏறுது, போவம்” என்றார் ஒருவர். அம்மாவின் கால்மாட்டில் நின்ற என் வீட்டுக்காரர் நகரவில்லை.

“பொறுங்க” என்றார். பிறகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்கிறவர்போல, மெல்லக் கேட்டார். “சோடி?”

“இருக்கு” என்று சொல்கிறவர் பாடையில் கிடந்தார்.

பெண்களுக்கு நடுவே பூரணத்தக்கா முந்தானையைத் தலையிலிருந்து விலக்கினார்.

“இருக்கு தம்பி” என்றார். “என்ட மகன் அங்க நிப்பான், அவன் பார்த்துக்குவான். நீங்க தூக்குங்க.”