முன் சீற்றில் இருந்த பெரியவர்

மன்னாரில் ஒருவருக்குத் தலை சுற்றினால் ஒன்று வெயில் காரணம், இல்லையென்றால் 'றிவேர்ஸ்' அண்ணை காரணம். வெயில் என்றால் நிழலில் ஒதுங்கலாம். றிவேர்ஸ் அண்ணையிடமிருந்து ஒதுங்க வழியே இல்லை, ஏனென்றால் எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரின் ஒரே ஜீப்பை ஓட்டியவர் அவர்தான்.

ஜீப்பைப் பின்னுக்கு எடுப்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். ஜீப்பை அவர் ஒழுங்காக முன்னுக்குத்தான் ஓட்டினார். கதையைத்தான் பின்னுக்கு எடுப்பார்.

"அதாலதான் தம்பி, ஆட்டைக் கட்டிலில விட்டிட்டு நான் நிலத்தில படுத்தனான்" என்று ஒரு காலையில் ஆரம்பித்தார்.

"எந்த ஆடு அண்ணை?"

"மாமி கொண்டுவந்த ஆடு."

"மாமி ஏன் வந்தவ?"

இப்படித் தோண்டித் தோண்டி, மாமி வீட்டுக் கூரை ஒழுகியது என்ற தொடக்கத்தை நான் கண்டுபிடிக்கும்போது ஜீப் முருங்கனைத் தாண்டியிருக்கும்.

வாய்க்கால் வேலைகளைப் பார்வையிடுவது என் உத்தியோகம். நான் இறங்கி அளந்துகொண்டு நிற்கும் நேரமெல்லாம் அவர் ஜீப்பில் இருந்து பொம்மை செய்வார். கையை உள்ளே விட்டு ஆட்டுகிற பொம்மைகள். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் ஒதுங்கும் வலை மிதவை தலையாகும், பனந்தும்பு முடியாகும், கிழிந்த சாரம் உடுப்பாகும். அதையும் அவர் வாலிலிருந்துதான் தொடங்குவார். முதலில் கை, பிறகு உடுப்பு, கடைசியில்தான் தலை.

"ஆர் அண்ணை இது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? இன்னும் தலை வரேல்லையே!"

ராசாவாக வளர்ந்துகொண்டிருந்தது மீன்காரியாக முடியும். பொலிஸ்காரர் ஒருவர் கடைசி நேரத்தில் மணப்பெண் ஆனார். இடுப்புப் பட்டி மட்டும் போகவில்லை.

ஒரு மார்கழியில் தாழ்வுபாட்டுப் பிள்ளைகள் மாதா கோயில் விழாவுக்கு, வெள்ளைத் தாடியோடு பரிசு கொண்டுவரும் நத்தார் பாப்பா வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணை உற்சாகத்தில் ஆள் அளவுக்கே தொடங்கிவிட்டார். கைகள் வந்தன. வயிறு வந்தது. மாற்றலாகிப் போன எங்கள் எஞ்சினியர் விட்டுப்போன சேட்டு அந்த வயிற்றுக்குச் சரியாக இருந்தது. பழைய சைக்கிள் சீற்றின் சுருள் கம்பி கழுத்தானது. கடைசியாகத் தலை வந்தபோது அதில் அந்த எஞ்சினியருடையதைப் போலவே கறுப்பு மீசையும் மூக்குக்கண்ணாடியும் இருந்தன.

பிள்ளைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "இவர் எங்களுக்குப் பரிசு தர வந்தவரோ, ஏச வந்தவரோ?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வைக்க இடமில்லாமல் 'பெரியவர்' ஜீப்பின் முன் சீற்றில் ஏறினார். நான் பின்னால் போனேன்.

மழை ஏமாற்றிய தை மாதம் அது. புதிய எஞ்சினியர் இன்னும் வந்து சேரவில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கம், வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஒரு துருசைப் பார்க்கப் போனோம். பற்றறி பழுது, நிறுத்தினால் ஜீப் திரும்பக் கிளம்பாது. எஞ்சினை ஓடவிட்டு, நான் துருசுக்கும் அண்ணை தேத்தண்ணிக் கடைக்கும் போனோம்.

திரும்பி வந்தால் ஜீப்பைச் சுற்றிச் சனம். முன் கதவுக் கண்ணாடிப் பக்கம் நின்று லெட்சுமி அக்கா பேசிக்கொண்டிருந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், வாய்க்காலின் கடைசி வயல் அவர்களுடையது.

"ரோட்டோரத்து வயலுக்கெல்லாம் தண்ணி போவுதுங்க. எங்களுக்கு மட்டும் வரலீங்க. பயிரு குடலை தள்ளி கதிரு வர்ற நேரம். இப்ப விட்டா எல்லாம் பதருதாங்க ஐயா."

எஞ்சின் நடுங்க நடுங்க, பெரியவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த ஐயாதான் குறுக்க பேசாம கேக்குறாரு" என்றார் ஒரு கிழவர்.

எனக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. அண்ணை விறுவிறென்று போய்க் கதவைத் திறந்தார். பெரியவர் தலைகுப்புற வரப்பில் விழுந்தார்.

"ஐயோ, ஐயா மயங்கிட்டாரு! தண்ணி கொண்டாங்க!"

தண்ணீரே வராத அந்த இடத்தில் எங்கிருந்தோ ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. முகத்தில் ஊற்றினார்கள். மீசை கழன்று கையோடு வந்தது.

லெட்சுமி அக்கா மீசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"சரி, இவராவது கேட்டாரு. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா?"

பிறகு முழுவதையும் முதலிலிருந்து சொன்னார். அண்ணை ஈர மீசையைக் கையில் பிடித்தபடி, குறுக்கே ஒரு கதையும் எடுக்காமல் நின்று கேட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் புதிய எஞ்சினியர் பதவியேற்ற காலை, நான் வணக்கம் சொல்லும் முன்னரே அண்ணை உள்ளே நுழைந்துவிட்டார்.

"சேர், உங்களுக்கு முதல் இருந்தவர் வயலில தலைகுப்புற விழுந்திட்டார்."

எஞ்சினியர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "என்ன? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியளோ?"

"இல்லை சேர். தண்ணி ஊத்தினவை, மீசை கழண்டிட்டுது. நான்தான் காயப்போட்டனான்."

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். "இவர் என்ன சொல்லுறார்?"

நான் ஒழுங்காகத் தொடக்கத்திலிருந்து சொல்ல முயன்றேன். "சேர், முதலில நத்தார் பாப்பாதான் செய்ய வெளிக்கிட்டவர்..."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ! ஜீப்பை எடுங்கோ. நானே போய்ப் பாக்கிறன்."

அண்ணை அவரைத் துருசடியில் இறக்கவில்லை. நேரே வாய்க்காலின் கடைசியில், லெட்சுமி அக்காவின் வயலில் கொண்டுபோய் விட்டார். வெடித்துக் கிடந்த நிலத்தை எஞ்சினியர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அங்கிருந்து மேல்நோக்கி நடந்தார். நான் வழக்கமாகப் பார்க்கும் றோட்டிலிருந்து தெரியாத ஒரு மதகுக்கடியில் பனங்குற்றி ஒன்று விழுந்து, அதன்மேல் குப்பையும் சல்பீனியா நீர்ப்பூண்டும் அடைத்துக் கிடந்தன. ஊரே இறங்கி இழுத்தது. அடுத்த நாள் கடைசி வயலில் தண்ணீர் நின்றது. பயிர் தப்பியது.

"அண்ணை, வேணுமெண்டேதான் அங்க விட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"எங்க?" என்றார் அவர். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கதிர் முற்றியதும் கிளி விரட்ட அந்த ஐயாவைத் தரச்சொல்லிக் கேட்டார் லெட்சுமி அக்கா. கைப்பொம்மை ஒன்றைக்கூட யாருக்கும் கொடுத்தறியாத மனிதர், சேட்டுப் பொத்தானைப் பூட்டி, கண்ணாடியை நூலால் கட்டிக் கொடுத்தார். "கவனம் அக்கா. கழுத்து கொஞ்சம் இளக்கம்."

அதன்பிறகு ஒவ்வொரு மாரியிலும் அந்த வழியால் போகும்போது ஜீப் தானாக நிற்கும். அண்ணை கொட்டுகிற மழையில் வரப்பில் இறங்கிப் போய், பெரியவரின் மீசையைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருப்பார். கந்தோரிலிருந்து எனக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் வருடம் ஜீப்பில் இருந்தபடியே கத்திக் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு, அவர் ஓய்வு பெறும்வரைக்கும், குடையை எடுத்துக்கொண்டு நானும் இறங்கிப் போனேன். பொம்மைக்குப் பிடிக்க அல்ல.