தள்ளினால் இளகும் கூழு

உலகத்து மனிதர்களை எல்லாம் கூழ், களி என்று இரண்டே வகையாகப் பிரித்த ஒரே ஆள் எங்கள் கூழுதான்.

பாலவனத்தம் ரோட்டில், ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வார்க்கும் கம்பெனியில் அவர் மெஷின்காரர். நான் கணக்கு எழுதினேன். உடைந்த பிளாஸ்டிக் குடங்களோடு பழைய டயரை அரைத்த பொடியைக் கலந்து உருக்குவார்கள். வெறும் பிளாஸ்டிக் கூழாக ஓடும். டயர்ப் பொடி சேர்ந்தால் களி. மெதுவாகத் தள்ளினால் அச்சின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்; வேகமாகத் தள்ளினால் இளகி அச்சின் மூலைவரை ஓடும். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்து மனுஷன் யாரையும் சும்மா விடவில்லை.

திருச்சுழி பஸ் கண்டக்டரிடம், "அண்ணே, படியில நிக்கிறதெல்லாம் களி. பைய சொன்னா உள்ள போகாது. ஒரே தள்ளு!" என்றார். கண்டக்டர் முதலில் தள்ளியது அவரைத்தான்.

"ஏலே, அப்ப நீ யாரு?" என்றார் முதலாளி.

"சுத்தக் கூழு மொதலாளி. எங்கயும் நிக்க மாட்டேன்."

பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது பச்சைப் பொய். என் மேஜை முன்னால் வந்துவிட்டால் அவரைப் போலக் களி கிடையாது. "கரண்டு வந்துருச்சா?" என்பார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். கம்பெனியே அவரைக் கூழண்ணன் என்று கூப்பிட்டது. எனக்கு மட்டும் அந்த 'அண்ணன்' வாயில் வரவே இல்லை. அது ஏன் என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவும் இல்லை.

ஒருநாள் நானே சொன்னேன்: "நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராக."

"சரி" என்று மெஷினுக்குப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை உடைத்திருப்பேன். அதற்குள் ஓடிவந்தார்.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு எங்க ஆத்தாட்டச் சொல்லிட்டேன் கையில டயர் வாட போகாது கொறட்டையும் உண்டு அவுகள வரவேணாம்னு சொல்லிருங்க!"

மூச்சே விடவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதச் சொல்ல இம்புட்டு நாளா?"

"மெதுவாத் தள்ளிப் பாத்தேன். அடைச்சுக்கிருச்சு."

அவர் விட்டுவிட்டு வந்த மெஷினில் ரப்பர் கருகி, கம்பெனி முழுக்கப் புகை. முதலாளி கத்தியது எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.

இவ்வளவு எழுதியும் அவர் பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். புருஷன் பெயரை நான் எப்படிச் சொல்ல?