மேனேஜர் நெற்றியில் கிரீஸ்

மலேசியாவில் ஜொகூர் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், கிரீஸ் டின்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிற இன்னொரு மனுஷி கிடைக்க மாட்டார். காஹாங் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தபோது, ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் அவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான். எங்களுக்கு 'லித்தியம் அக்கா'. லித்தியத்தின் மேல் அவ்வளவு ஆசையா என்று கேட்காதீர்கள். அந்தப் பேரைக் கேட்டாலே அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் வைத்தோம்.

இயந்திரங்களின் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸைக் கெட்டியாக்குவது பெரும்பாலும் லித்தியம்தான். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஃபோனுக்கு லித்தியம், காருக்கு லித்தியம். எங்கேயோ பாலைவனத்துல இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுக்கிறாங்க. அதைக் கொண்டாந்து நாம பேரிங்ல அப்புறோம்! வாசல்ல செம்பனை நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று என் மேசையைத் தட்டுவார். லித்தியத்தை நானே கண்டுபிடித்த மாதிரி திட்டு எனக்குத்தான் விழும்.

அவருடைய மாற்று: செம்பனை எண்ணெய், சுண்ணாம்பு, விளக்கெண்ணெயிலிருந்து எடுத்த கொழுப்பு. ஆய்வுக்கூடத்திலேயே குவாலிச் சட்டி வைத்துக் கிண்டினார். முதல் சட்டி கல்லாக இறுகியது. அடுத்தது ரசமாக ஓடியது. ஒரு வழியாகக் கெட்டிப்பட்டதை நீராவிக் குழாய்ப் பக்கத்துப் பேரிங்கில் போட்டார். சூட்டில் அது உருகி வழிந்து, ஆலை முழுக்க வடை சுடும் வாசம். பாதிப் பேர் பசி தாங்காமல் கேன்டீனில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜர் குதித்தார். "போதும்லா! ஆயுத பூஜை முடிஞ்சதும் இந்தச் சமையலை மூட்டை கட்டுங்க."

"கட்ட மாட்டேன், பாஸ். சூட்டுலதான் தோத்துச்சு, தண்ணியில தோக்கல. தண்ணி தெறிக்கிற பேரிங் ஒன்னு கொடுங்க."

"முடியாது."

"கொடுக்கிற வரைக்கும் கேட்பேன்."

வடை வாசம் வரக்கூடாதென்று அடுத்த சட்டியில் செராய் என்கிற எலுமிச்சைப் புல் எண்ணெய் கலந்தார். மஞ்சளாக, வழவழவென்று, கமகமவென்று வந்தது. ஆயுத பூஜையன்று காலை அந்தக் கிண்ணத்தை ஸ்டோரில் பூஜைச் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூப் பறிக்கப் போனார்.

ஃபிட்டர் முனியாண்டி அண்ணன் பெரிய பக்திமான். கிண்ணத்தை எடுத்தார், சந்தனம் என்று எல்லா இயந்திரத்துக்கும் பூசினார், மேலே குங்குமம் வைத்தார். கடைசியில் மேனேஜர் நெற்றியிலும் பெரிதாக ஒன்று. "இன்னைக்குச் சந்தனம் ஏ-ஒன்" என்று மேனேஜரே மெச்சினார்.

மத்தியானம் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. குங்குமம் போய்விட்டது, பொட்டு போகவில்லை. தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. துடைத்தால் நெற்றி முழுக்கப் பரவியது.

"அலமாக்! யாரு இதைப் பூசினது?" என்று ஸ்டோருக்குள் பாய்ந்தார். முனியாண்டி அண்ணன் அலமாரிக்குப் பின்னால் பதுங்கினார். அக்காவின் கிரீஸுக்கு இன்றோடு சங்குதான் என்று நினைத்தேன்.

அக்காவாவது, மன்னிப்புக் கேட்பதாவது! கைப்பேசியை எடுத்தார்.

"பாஸ், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க. சோப்பு போட்டீங்களா?"

"போட்டேன்!"

"அதுக்கும் போகலையா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ரிப்போர்ட்ல உங்க நெத்தியப் போட்டுடட்டுமா?"

மேனேஜர் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டார். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தோம். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். "ஒன்னே ஒன்னு தரேன். தண்ணி தெறிக்கிற அந்தப் பம்ப் பேரிங். என் படத்தை அழிச்சிடுங்க."

பம்ப் பேரிங் ஜம்மென்று ஓடியது. மெல்ல மெல்ல, ஈரமான இடங்களுக்கெல்லாம் அக்காவின் கிரீஸ்தான் என்றானது. "பாதி ஆலை உங்க கையில. சந்தோஷம்தானே?" என்றார் மேனேஜர்.

"பாதிக்கா பாஸ் இவ்வளவு பாடு பட்டேன்?" என்று அக்கா மறுநாளே சூட்டுப் பேரிங்கோடு மல்லுக்கு நின்றார்.

நான் இப்போது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எல்லைப் பாலத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது கைப்பேசியில் அவரிடமிருந்து ஒரு படம் வரும்: தரையில் வழிந்து கிடக்கும் மஞ்சள் குழம்பு. கீழே, "இன்னைக்கும் உருகிருச்சுலா. விட மாட்டேன்." அது வராத வாரம் எனக்கு மனசு கேட்காது. நானே கூப்பிட்டு, "அக்கா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிடுவேன்.